டீ வாங்க அனுப்பாதீர்கள்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி, டிப்பர், வேன் எல்லாம் பார்ப்போம். 22 வருடத் தொழில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் வரும் பையன்களைச் சேர்த்து, மகனைப் போலப் பார்த்துத் தொழில் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்று வருடத்தில் கை தேறியதும் ஓசூர்க் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் எனக்கு எதிரிலேயே கொட்டகை போடுகிறார்கள். போன தை மாதம் ஒரு நல்ல பையன் 18,000 ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனான். அவன் சான்றிதழ் என்னிடம்தான் இருக்கிறது, கேட்டும் நான் கொடுக்கவில்லை. இனிமேல் வருகிறவர்களிடம் இத்தனை வருடம் விட்டுப் போகமாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அந்தக் காலத்தில் 12 வயதில் சேர்ந்தவன் 25 வயது வரைக்கும் அசையமாட்டான். இப்போது யாருக்கும் பொறுமை கிடையாது. வண்டியில் மாட்டிக் கோளாறு பார்க்க லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஸ்கேனரைக்கூட இவர்களை நம்பி வெளியே வைக்க முடியவில்லை, பூட்டித்தான் வைக்கிறேன். இதில் மின்சார வண்டி வேறு வந்துவிட்டது. நல்ல மெக்கானிக்கைத் தக்கவைக்க வழி சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

சமீபத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் தன் டிப்பருக்கு ஒரு பட்டறையில் டீசல் பம்ப் மாற்றினார். பெரிய செலவு. வண்டி மறுவாரமே அதே கோளாறோடு நின்றது. கடைசியில் பார்த்தால் டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் குழாயின் இணைப்பில் காற்று இழுத்திருக்கிறது. ஒரு வாஷரில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அன்றிலிருந்து இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

முதலில், அந்தப் பையனின் சான்றிதழை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அவன் படித்து, தேர்வு எழுதி வாங்கியது அது. மகனைப் போலப் பார்த்தேன் என்று எழுதுகிறீர்கள். மகனுடைய படிப்புத் தாளை யாராவது பிணையாகப் பிடித்து வைப்பார்களா? நீங்கள் கெட்டவர் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் கூடுதலாகக் கோபம் வருகிறது. பாண்டும் வேண்டாம். மனசில்லாமல் நிற்கிறவனை வைத்துக்கொண்டு பிரேக் வேலை பார்க்க முடியாது. நீங்கள் லைனிங் மாற்றி அனுப்பும் வண்டி ராத்திரி லோடோடு தொப்பூர் இறக்கத்தில் இறங்கப்போகிறது. ஒரு சக்கரத்தில் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லை என்றால் மற்ற சக்கரங்கள் அதன் வேலையையும் சேர்த்துச் செய்து சூடேறும். டிரம் அளவுக்கு மீறிச் சூடானால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. வேண்டா வெறுப்பாக ஸ்பேனர் பிடிக்கிறவனிடம் அந்த வேலையை எப்படிக் கொடுப்பீர்கள்?

12 வயதுப் பையன்களை நினைத்து ஏங்குவதையும் விட்டுவிடுங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வைப்பது எந்தத் தொழிலிலும் குற்றம். அந்தப் பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள் என்றால், போக வேறு இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

சம்பளத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1980-இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை தொடங்கிய காலத்திலிருந்தே இந்த இழுப்பு உண்டு. இன்றைக்கு டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று வரிசையாக இருக்கின்றன. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கேன்டீன், கம்பெனி பஸ். பெண் கேட்டுப் போனால் மாப்பிள்ளை கம்பெனியிலா வேலை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதோடு நீங்கள் மல்லுக்கு நிற்க முடியாது. முடிந்த அளவு கூட்டிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு விடுங்கள். எதிரில் கொட்டகை போட்டவனைப் பற்றிப் புலம்பாதீர்கள். தொழில் தெரிந்தவன் தனியாகப் போவது எல்லா ஊரிலும் நடப்பது.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது வேறு ஒரு வரி. ஸ்கேனரைப் பூட்டி வைக்கிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

என் அப்பா லாரி ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் வண்டி பட்டறைக்குப் போனால் நானும் கூடவே போவேன். தருமபுரியில் சேலம் சாலையில் ஒரு பட்டறை. அங்கே இருந்தவரை எல்லோரும் பெரிய மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பையன்கள் மேல் உயிர். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் வீட்டிலிருந்து கஞ்சி வரவழைப்பார். மதியம் தன் தூக்குச் சட்டியில் இருக்கும் குழம்பைப் பையன்களுக்கு ஊற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஆனால் பம்ப் டைமிங், அதாவது பம்ப் எந்த நேரத்தில் எஞ்சினுக்கு டீசல் அடிக்கவேண்டும் என்று சரியாகப் பொருத்துகிற வேலை வந்தால் மட்டும் ஒவ்வொருவரையும் ஒரு வேலைக்கு விரட்டிவிடுவார். ஒருவன் டீ வாங்கப் போகவேண்டும், ஒருவன் தண்ணீர் எடுக்க, ஒருவன் கடைத்தெருவுக்கு நட்டு வாங்க. அவர்கள் திரும்பி வருவதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கும்.

அங்கே ஒரு பையன் இருந்தான். டீக்குப் போகிற மாதிரி போய், பக்கத்தில் நின்ற லாரியின் பாடிமேல் ஏறிப் படுத்துக்கொண்டு பலகை இடுக்கு வழியாகப் பார்ப்பான். எனக்கு அது தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை. என்ன பார்த்தாய் என்று ஒரு நாள் கேட்டபோது விளக்கினான். பம்பில் முதல் சிலிண்டருக்கு டீசல் போகும் டெலிவரி வால்வைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வளைந்த சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்துகிறார். ஃப்ளைவீலை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வருகிறார். குழாயில் ஒழுகுகிற டீசல் சொட்டுச் சொட்டாகி நிற்கிற இடம்தான் பம்ப் டீசலை அடிக்கத் தொடங்குகிற இடம். அதை ஃப்ளைவீலில் இருக்கும் குறியோடு சேர்த்துவிட்டுப் பம்பை இறுக்குகிறார். அவ்வளவுதான். அரை மணி நேரம் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு இரண்டு வருடம் ஆனது, அதுவும் திருட்டுத்தனமாக. கற்றுக்கொண்ட மறுமாதம் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். பெரிய மேஸ்திரிக்குப் பிற்காலத்தில் கண்ணில் புரை விழுந்தது. அந்தக் குறி தெரியவில்லை. அத்தனை பேருக்குச் சோறு போட்டவருக்குப் பக்கத்தில் நின்று டைமிங் வைத்துக் கொடுக்க ஒரு ஆள் இல்லை. வண்டியைச் சேலத்துக்கு அனுப்பினார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கலங்குகிறது, கூடவே கோபமும் வருகிறது.

உங்கள் பூட்டிய ஸ்கேனரும் அதுவும் ஒன்றுதான். நீங்கள் அறைக்குள் போய் ஸ்கேனரை எடுத்து வருகிறீர்கள், வண்டியில் மாட்டிப் பார்க்கிறீர்கள், பம்ப் மாற்று என்று சொல்கிறீர்கள். பையன் பம்பைக் கழற்றி மாட்டுகிறான். ஏன் பம்ப் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்து அவன் கழற்றுவதிலும் மாட்டுவதிலும் கெட்டிக்காரன் ஆகிறான். கழற்றி மாட்டுகிற வேலைக்கு ஓசூரில் கூடுதல் சம்பளம் கிடைக்கும்போது அவன் எதற்காக உங்களிடம் நிற்கவேண்டும்?

இன்னும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு லாரி பழைய லாரி இல்லை. புகைக்குழாயில் யூரியாக் கரைசல் தெளிக்கிறது, நாலா பக்கமும் சென்சார். ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம், குறைவு என்று ஸ்கேனர் ஒரு கோளாறு எண்ணைக் காட்டுகிறது என்று வையுங்கள். பம்ப் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. குவாரியில் பேரலில் வைத்த டீசலை ஊற்றி ஃபில்டர் அடைத்திருக்கலாம். குழாயில் காற்று இழுக்கலாம். பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு சிக்கியிருக்கலாம். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்று தேய்ந்து, டீசலை டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் விட்டுக்கொண்டிருக்கலாம். சென்சாரே பொய் சொல்லலாம், அதன் ஒயரை எலி கடித்திருக்கலாம். எது என்று ஸ்கேனர் சொல்லாது, மனிதன்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒவ்வொரு பாட்டிலில் விட்டு எது சீக்கிரம் நிறைகிறது என்று பார்க்கிற சோதனைக்கு லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். ஒரு பையன் காலையில் டிரைவரிடம் விசாரித்து, மதியம் இந்தச் சோதனையைச் செய்து, சாயங்காலம் அவன் சொன்ன இன்ஜெக்டரே பழுது என்று தெரியவந்தால் அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வராது. அசெம்பிளி லைனில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை இறுக்குகிறவனுக்கு அது கிடைக்காது. உங்களிடம் கொடுக்க இருப்பது அதுதான். அதைத்தான் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

தொழில் தெரிந்துவிட்டால் போய்விடுவானே என்பீர்கள். சிலர் போவார்கள். போகட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், சொல்லிக் கொடுக்காத பட்டறையில் நல்ல பையன் முதலில் போகிறான், சோம்பேறி மிஞ்சுகிறான். இது உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று. ஒரு முறை பார்த்து அனுப்பிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால் யாருக்கும் தெரியாமல் நீங்களே சரிசெய்து அனுப்பாதீர்கள். எல்லாப் பையன்களையும் கூப்பிட்டு நிறுத்தி, நாம் என்ன நினைத்தோம், உண்மையில் என்னவாக இருந்தது என்று பேசுங்கள். ஒரு நோட்டுப் போட்டு எழுதவையுங்கள். பத்து நல்ல வண்டியில் கற்காததை அந்த ஒரு வண்டியில் கற்றுக்கொள்வார்கள்.

உங்களிடம் நாலு பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி முறையாகவே பயிற்சியாளரைச் சேர்க்கலாம். 2016-இல் வந்த திட்டத்தில் அவர்களுடைய உதவித்தொகையில் கால் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு கொடுக்கிறது. பயிற்சி முடித்துத் தேறினால் அரசுச் சான்றிதழும் உண்டு. உங்கள் ஊர் அரசு ஐ.டி.ஐ.யில் போய்க் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

மின்சார வண்டிக்கு இப்போது பயப்படவேண்டாம். அதற்கும் பிரேக், பேரிங், சஸ்பென்ஷன், ஒயரிங் உண்டு. உயர் மின்னழுத்தத்தில் கை வைக்க மட்டும் தனிப் பயிற்சி வேண்டும், அது இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள். மல்டிமீட்டர் பிடித்து யோசிக்கத் தெரிந்த பையன் அங்கேயும் பிழைத்துக்கொள்வான்.

மாங்காய் சீசன் முடிந்து ஆடியில் வேலை கொஞ்சம் குறையும் இல்லையா, அப்போது ஆரம்பியுங்கள். டிரைவர் வந்து ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்றால், இருப்பவர்களிலேயே சின்னவனை முன்னே அனுப்பிப் பேசவிடுங்கள். ஸ்கேனர் அவன் கையில் இருக்கட்டும். அவன் தப்பாகச் சொன்னால் திட்டாமல், ஏன் அப்படி நினைத்தாய் என்று கேளுங்கள். அப்புறம் டீ வேண்டுமென்றால் நீங்கள் போய் வாங்கி வாருங்கள். ஐப்பசி வாக்கில் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தச் சின்னவன் முதலில் கண்டுபிடித்த கோளாறு எது என்று அதில் விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்