18,200 எங்கிருந்து வந்தது? காவலர் சம்பளக் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாட்டில் மாவட்டக் காவல் அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியல் போட்டே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் விடுவதாக இல்லை. இந்தத் தடவை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, நான் இரண்டாம் நிலைக் காவலர். எனக்கு அடிப்படைச் சம்பளம் 18,200. கேரளாவில் 31,100, மத்தியப் படையான சி.ஆர்.பி.எஃப்.பில் 21,700 என்கிறார்கள். ஒரே வேலைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

முதலில் கேரளாவை எடுத்துக்கொள்வோம். இந்த ஒப்பீடு வாட்ஸ்அப்பில் சுற்றும் விதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நம் 18,200 என்பது 1.1.2016 விலைவாசியை அடிப்படையாகக் கொண்டது. கேரளாவின் 31,100 என்பது 1.7.2019-ஐ அடிப்படையாகக் கொண்டது. இடைப்பட்ட காலத்து அகவிலைப்படியை (டி.ஏ.) கேரளா அடிப்படைச் சம்பளத்துக்குள்ளேயே கரைத்துவிட்டது, நாம் தனியாக வைத்திருக்கிறோம். 2019 ஜூலையில் மத்திய அரசின் டி.ஏ. 17 சதவீதம். அதை நம் தொகையோடு சேர்த்தால் 21,294 வரும். ஆகவே உண்மையான இடைவெளி 12,900 இல்லை, சுமார் 9,800. அதுவும் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் மனுவில் 12,900 என்று எழுதினால் நிதித்துறையில் இருப்பவர் முதல் பத்தியிலேயே பேனாவை மூடிவிடுவார்.

சி.ஆர்.பி.எஃப். ஒப்பீடுதான் சுத்தமானது. அவர்களுக்கும் அடிப்படைத் தேதி 1.1.2016, பழைய சம்பளத்தைப் புதியதாக மாற்ற அதே 2.57 பெருக்கல், டி.ஏ. சதவீதமும் நமக்குள்ளதுதான். அப்படியிருந்தும் 3,500 ரூபாய் குறைகிறது. இது எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஆறாவது ஊதியக்குழுவில் போய் நிற்கும்.

அப்போது நம் காவலருக்குச் சம்பள விகிதம் 5,200–20,200, அதோடு பதவிக்கேற்பச் சேரும் தர ஊதியம் 1,900. இங்கே 5,200-ஐயும் 1,900-ஐயும் கூட்டி 7,100 என்று வைத்துக்கொண்டார்கள். அதை 2.57-ஆல் பெருக்கினால் 18,247. அதுதான் இன்றைய 18,200. மத்திய அரசில் காவலருக்குத் தர ஊதியம் 2,000. நம்மைவிட நூறு ரூபாய்தான் அதிகம். ஆனால் நேரடியாகச் சேருபவருக்கென்று அவர்கள் தனியாக ஒரு தொடக்கச் சம்பளம் வகுத்தார்கள். அது 8,460. அதைப் பெருக்கினால் 21,742, அதாவது 21,700. பார்த்தீர்களா, தர ஊதியத்தில் நூறு, தொடக்கச் சம்பளத்தில் 1,360, பெருக்கிய பிறகு 3,500. 2025 ஜூலையில் டி.ஏ. 58 சதவீதம் ஆனது. அதையும் போட்டால் மாதம் 5,530.

சதவீதத்தில் கொடுக்கிற எந்த உயர்வும் இந்த இடைவெளியை அடைக்காது, பெரிதாக்கத்தான் செய்யும். எட்டாவது மத்திய ஊதியக்குழு 2025 கடைசியில் வேலையைத் தொடங்கிவிட்டது. அது முடிந்த பிறகு நம் மாநிலத்திலும் வழக்கம்போல அலுவலர் குழு போடுவார்கள். பெருக்கல் எண் இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 3,500 என்பது 7,000 ஆகிவிடும். அதனால் "எத்தனை சதவீதம்" என்று கேட்பதைவிட "தொடக்கச் சம்பளத்தைச் சரி செய்துவிட்டுப் பெருக்குங்கள்" என்று கேட்பதே சரி.

என்னுடன் பத்தாம் வகுப்பு முடித்தவன் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளர் ஆனான். அவனுக்கு 19,500. எனக்கு அதைவிடக் குறைவு. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று கோர்ட்டுக்குப் போக முடியுமா?

கேள்வி எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. அந்த இளநிலை உதவியாளர் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறிக் காற்றில் உங்கள் சம்பளத்தைக் கணக்குப் போட்டவன் நான். நீங்கள் பந்தோபஸ்துக்கு வெயிலில் நின்றீர்கள். கதை இங்கேயும் அதேதான்: அவர்களுக்குத் தர ஊதியம் 2,400. 5,200-உம் 2,400-உம் 7,600. பெருக்கினால் 19,532.

வழக்கு என்று வந்தால், இந்தக் கொள்கைக்கு உயிர் கொடுத்ததே ஒரு போலீஸ்காரர்தான். டெல்லி காவல்துறையில் ஓட்டுநர்க் காவலராக இருந்த ரண்தீர் சிங், ரயில்வே பாதுகாப்புப் படை ஓட்டுநருக்குத் தருவதை எனக்கும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். 1982-ல் தீர்ப்பு. நீதிபதி சின்னப்ப ரெட்டி, சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நேரடியான அடிப்படை உரிமை இல்லாவிட்டாலும் அரசியலமைப்பின் இலக்கு என்று சொல்லி, அவர் கேட்டதைக் கொடுத்தார். அவர் ஜெயித்ததற்குக் காரணம், வண்டி ஓட்டுவது இரண்டு இடத்திலும் வண்டி ஓட்டுவதுதான். அரசால் வித்தியாசம் காட்ட முடியவில்லை.

உங்கள் விஷயத்தில் அரசு வக்கீல் எழுந்து, கல்வித் தகுதி ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு, தேர்வு வேறு, பதவி உயர்வு வழி வேறு என்பார். நீதிமன்றம் பெரும்பாலும் அதை ஏற்கும். சம்பள விகிதம் வகுப்பது நிபுணர் குழுவின் வேலை என்று ஒதுங்கவும் செய்யும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் காவலர்களுக்கு மற்ற அரசு ஊழியர்களைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று அரசுக்குச் சொன்னது உண்மை. அதை உங்கள் மனுவில் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஆனால் இளநிலை உதவியாளரோடு ஒப்பிட்டு வழக்குப் போடுவதற்கு நகையை அடகு வைக்காதீர்கள்.

எனக்குப் பின்னால் சேர்ந்த தலைமைக் காவலர் என்னைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார். இது நியாயமா?

மூத்தவரின் சம்பளத்தை இளையவருக்குச் சமமாக உயர்த்த விதியில் இடம் இருக்கிறது. ஆனால் சில நிபந்தனைகள் பொருந்த வேண்டும். இருவரும் ஒரே பிரிவில், ஒரே முதுநிலைப் பட்டியலில் இருக்க வேண்டும். பழைய பதவியும் புதிய பதவியும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம், பதவி உயர்வின்போது நடந்த ஊதிய நிர்ணயத்தால் மட்டுமே வந்திருக்க வேண்டும். அவர் பட்டாலியனில் சில வருஷம் இருந்து ஏ.ஆர். எனும் ஆயுதப்படை வழியாக வந்தவர் என்றாலோ, நீங்கள் சம்பளமில்லா விடுப்பு எடுத்து இன்கிரிமென்ட் தள்ளிப்போனது என்றாலோ, மனு திரும்பி வரும்.

நான் பார்த்த வரையில் பத்தில் பாதிக்குக் காரணம் வேறு. விருப்பம் தெரிவிக்கும் கடிதம்! பதவி உயர்வு வந்தால் அந்தத் தேதியிலேயே புதிய சம்பளத்தை நிர்ணயிக்கலாம், அல்லது பழைய பதவியின் அடுத்த இன்கிரிமென்ட் தேதிவரை பொறுத்து நிர்ணயிக்கச் சொல்லலாம். நம் மாநிலத்தில் இன்கிரிமென்ட் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வருகிறது. மார்ச்சில் பதவி உயர்வு, ஏப்ரலில் இன்கிரிமென்ட் என்று இருப்பவர் ஒரு மாதம் பொறுத்தால் ஆண்டுக்கணக்கில் லாபம். இளையவர் அந்தக் கடிதத்தைக் கெடுவுக்குள் கொடுத்திருப்பார், நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். எங்கள் அலுவலகத்திலேயே இதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பணிப்பதிவேட்டை வாங்கி, இருவருடைய நிர்ணயப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெண் காவலர் நான். ஒரு வருடம் மகப்பேறு விடுப்பு எடுத்தால் என் பேட்ச் ஆட்களைவிடப் பின்தங்கிவிடுவேனா?

மாட்டீர்கள், அம்மா. 1.7.2021 முதல் அந்த விடுப்பு 12 மாதம். முழுச் சம்பளம் உண்டு, இன்கிரிமென்டும் தள்ளிப்போகாது. முன்பு சிக்கல் தகுதிகாண் பருவத்தில்தான் இருந்தது. அப்போது விடுப்பு எடுத்தவருக்கு அந்தக் காலம் கழிக்கப்பட்டு, முதுநிலையில் அடி விழும். 2025-ல் அதையும் மாற்றிவிட்டார்கள், மகப்பேறு விடுப்பு தகுதிகாண் பருவத்தில் சேரும். அரசு ஊழியர் சம்பள மென்பொருளான களஞ்சியத்தில் விடுப்பு சரியான தலைப்பில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொரோனா காலத்து டி.ஏ. நிலுவை எப்போது வரும்?

வராது. கொரோனாவுக்காக டி.ஏ. உயர்வை நிறுத்தி வைத்திருந்ததை மத்திய அரசு 2021 ஜூலையில் நீக்கியது. நம் அரசு 17-லிருந்து 31 சதவீதமாக உயர்த்தியது 1.1.2022 முதல். இடைப்பட்டதற்கு நிலுவை இல்லை. இது புதிதும் இல்லை. ஏழாவது ஊதிய உயர்வே 1.1.2016 முதல் கருத்தியலாக, அதாவது கணக்கில் மட்டும்தான் வந்தது. கைக்குக் காசு 1.10.2017 முதல். அந்த 21 மாதமும் போனது போனதுதான்.

ஈட்டிய விடுப்பைக் கொடுத்துக் காசாக்கும் சரண்டர் இப்போது உண்டா?

உண்டு. 2020-ல் நின்றது, 1.10.2025 முதல் 15 நாள் திரும்ப வந்துவிட்டது.

ஊர்க்காவல் படையில் இருக்கிறேன். போலீஸ் பக்கத்தில் நின்று அதே டியூட்டி பார்க்கிறேன். எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?

இந்த வாரக் கேள்விகளில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் தீர்ப்பு சொன்னது. நிரந்தரப் பணி தர முடியாது. ஆனால் தினப்படியை, 30 நாள் வேலை செய்தால் மாநிலக் காவலரின் குறைந்தபட்சச் சம்பளம் வரும்படி வகுக்க வேண்டும் என்றது. நம் மாநிலத்தில் தினப்படி 560 ரூபாய் ஆனது. முப்பதால் பெருக்கினால் 16,800, காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கூடவே வேலை நாளை மாதத்துக்கு 5 ஆகக் குறைத்தார்கள். கைக்கு வந்தது 2,800. தீர்ப்பு தினப்படியைப் பற்றித்தான் பேசியது, எத்தனை நாள் வேலை தர வேண்டும் என்று பேசவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்துகொண்டார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது நாட்களை. தினப்படியை மட்டும் கேட்டால் இன்னொரு தடவை நாளைக் குறைப்பார்கள்.

ஜூன் 30-ல் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு. ஜூலை 1-ல் இன்கிரிமென்ட். ஒரு நாளில் போய்விட்டதே?

போகவில்லை. 31.12.2014 தேதியிட்ட நிதித்துறை அரசாணை 311 உங்களுக்காகத்தான். ஒரு வருடம் முழுதும் வேலை செய்து சம்பாதித்த இன்கிரிமென்ட் அது. ஓய்வூதியக் கணக்குக்காகக் கருத்தியலாகச் சேர்த்துக்கொள்வார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதே கருத்தைத்தான் சொன்னது. ஓய்வூதியக் கருத்துருவை அனுப்பும் முன் இந்த அரசாணை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். விட்டுப்போனால் பிறகு திருத்தலாம், ஆனால் செருப்புத் தேயும்.

போலீஸ்காரர்கள் சங்கம் வைக்கக் கூடாது, சரி. போலீஸ்காரர் ஒருவரின் மனைவி நான். சம்பள உயர்வுக்காக ஆட்சியர் அலுவலகம் முன் நிற்கலாமா?

1966-ம் ஆண்டுச் சட்டம் காவல் படையில் இருப்பவரின் உரிமைகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. அரசியலமைப்பின் 33-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. நீங்கள் குடிமகள், உங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் உங்களைத் தூண்டிவிட்டார் என்று உங்கள் கணவர் மேல் துறை நடவடிக்கைக்கான 3(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் இன்கிரிமென்டே தள்ளிப்போகும். மனுவை உங்கள் பெயரில் எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அவர் பெல்ட் எண்ணை அதில் எழுத வேண்டாம்.