பெயர் வெட்டிய செம்பு

அன்புள்ள ஐயா,

தொண்டிப் பக்கம் எங்கள் ஊரில், போரில் இறந்த ராணுவ வீரர்களுக்கு நினைவுச் சின்னம் கட்டப் பணம் திரட்டியிருக்கிறோம். துப்பாக்கி ஏந்திய வீரர் சிலையா, வெறும் தூணா? கடற்காற்றுக்கு எது தாங்கும்? முன்பக்கம் நன்கொடையாளர் பெயர்கள், பின்பக்கம் வீரர்கள் பெயர்கள் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. உங்கள் யோசனை?

ஒரு வாசகர்

தம்பி,

சிலையோ தூணோ, உங்கள் இஷ்டம். கருங்கல்லாக இருக்கட்டும். கான்கிரீட் என்றால் உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சைப் பிளந்துவிடும். எழுத்தைப் பெயிண்டில் எழுதாமல் வெட்டுங்கள். சரி, அது முடிந்தது.

காசு கொடுத்தவர் முன்னால், உயிரைக் கொடுத்தவர் பின்னாலா? கமிட்டியில் ஒருத்தருக்குக்கூடவா கூசவில்லை? நடுகல்லில் 'பெயரும் பீடும்' எழுதினார்கள் என்கிறது சங்கப் பாட்டு. அது செத்தவனின் பெயர் தம்பி, உபயதாரர் பெயர் இல்லை.

வாஷிங்டனில் 1982-ல் கட்டிய வியட்நாம் போர் நினைவுச் சுவரைப் பாருங்கள். வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது மாயா லின் 21 வயது மாணவி. பளபளக்கும் கறுப்புக் கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவி பார்க்காமல், இறந்த தேதி வரிசையில். பெயரைத் தேடுகிறவரின் முகமும் அதே கல்லில் தெரியும். சிலை வேண்டும் என்று அங்கும் சண்டை நடந்தது. 1984-ல் மூன்று வீரர் சிலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அப்பத்தாவின் தம்பி மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜி படைக்குப் போனவர். திரும்பவில்லை. அந்தப் படைக்காக சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு ஒரு நினைவிடம் உண்டு. அது பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர்களுக்கு. அப்பத்தாவின் தம்பி பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இருந்தது ஒரு பித்தளைச் செம்பில். தோட்டத்திலிருந்து அவர் அனுப்பிய பணத்தில் அப்பத்தா வாங்கி, பாத்திரக்கடையில் அவர் பெயரையே வெட்டச் சொல்லியிருக்கிறாள். புளி போட்டுத் தேய்க்கும்போது அந்த இடத்தை மட்டும் தொடமாட்டாள், எழுத்து தேய்ந்துவிடும் என்று. செம்பு முழுக்கப் பொன்னாக மின்னும், பெயர் மட்டும் கறுத்துக் கிடக்கும். மூன்றாம் வகுப்பு படிக்கையில் அதை எழுத்துக்கூட்டி 'கருபையா' என்று வாசித்தேன். வெட்டியவர் ஒரு 'ப்' விட்டிருந்தார். "கருப்பையாடா! ஒழுங்கா வாசி" என்று தலையில் குட்டினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. நானும் சொல்லவில்லை. அப்புறம் எப்போது கேட்டாலும் அந்த 'ப்'பைச் சேர்த்தே வாசித்தேன்.

உங்கள் பட்டியலைக் கல் வெட்டுகிறவரிடம் கொடுக்குமுன் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டுங்கள். கிழவிகள் குட்டினால் திருத்திக்கொள்ளுங்கள். நன்கொடையாளர் பெயரைத் திறப்பு விழா நோட்டீஸில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள்.