கேள்வி-பதில்: குழந்தை வரப்போகிறது, கூடுவாஞ்சேரியா திருநின்றவூரா?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது கொளத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, எனக்கு நுங்கம்பாக்கத்தில். கைக்கு வருவது அவருக்கு 38,000, எனக்கு 30,000. சேமிப்பு 6 லட்சம். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று யோசனை, அதற்குள் சொந்த வீட்டில் இருக்க ஆசை. கூடுவாஞ்சேரியில் 38 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை புது பிளாட் பார்த்தோம். திருநின்றவூர், மீஞ்சூர் என்றும் சொல்கிறார்கள். எது கட்டுப்படியாகும்?
(கொளத்தூர் வாசகி)

பதில்: மீஞ்சூரை முதலில் அடித்துவிடலாம். ஊர் மோசம் என்றில்லை, விலையும் குறைவுதான், ஆனால் உங்கள் இருவரில் ஒருவருக்குக்கூட அது நேர்வழி இல்லை. போதாததற்கு கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் எக்ஸ்பிரசுக்கும் சரக்கு ரயிலுக்கும் வழிவிட்டு மின்சார ரயில் நடுவழியில் நிற்பதைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கூடுவாஞ்சேரி உங்களுக்கு வசதி. கடற்கரை வண்டியில் ஏறினால் மாறாமல் நுங்கம்பாக்கத்தில் இறங்கலாம், ஒரு மணி நேரம் பிடிக்கும். உங்கள் கணவர் பாடுதான் திண்டாட்டம். ரயிலில் போனால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, ஆவடி வண்டி பிடித்து, பட்டணத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். இல்லையா, பைக்கை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறி லாரிகளுக்கு நடுவே அம்பத்தூர் வரை போக வேண்டும். இப்போது இருபதுகளில் இருக்கிறார், செய்வார். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை அழுது எழுப்பிவிட்ட மறுநாள் காலையில் அதே பைபாஸில் அவரை அனுப்ப உங்களுக்கு மனசு வருமா?

திருநின்றவூரில் இது தலைகீழ். அவர் பட்டரவாக்கத்தில் இறங்கினால் தொழிற்பேட்டை எதிரிலேயே, மொத்தம் அரை மணி நேரம். உங்களுக்கு சென்ட்ரல் வரவே ஒரு மணி நேரம், அப்புறம் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம் வண்டியில் மூன்றாவது நிறுத்தம். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசலுக்குக் கணக்கு போட்டால் இரண்டு மணி நேரத்தைத் தொடும். ஏழாம் மாதத்தில் அந்தப் படிக்கட்டுகளை நினைத்துப் பாருங்கள்.

அதனால் நீங்கள் கேட்காத ஓர் ஊரைச் சொல்கிறேன். ஆவடி. திருநின்றவூரைவிட வாடகையும் விலையும் கூடத்தான், அந்த வித்தியாசத்தைக் கொடுங்கள். ஆவடியிலிருந்தே கிளம்பும் வண்டிகள் நிறைய, ஐந்து நிமிடம் முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். இதன் அருமை வேப்பம்பட்டிலும் திருநின்றவூரிலும் காலை எட்டு மணிக்கு வாசற்படியில் தொங்குகிறவர்களுக்குத் தெரியும். உங்கள் கணவருக்கோ நான்கு ஸ்டேஷன், பதினைந்து நிமிடம். சதுர அடி விலையை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தால் அரை மணி நேரத்தில் வந்து நிற்க ஒருவராவது பக்கத்தில் வேண்டும். உங்கள் வீட்டில் அது குழந்தையின் அப்பா. கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் அவர் வேலை என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், பிறகு மாமியார் என்ன சொல்வார் என்று பார்க்காதீர்கள்.

இன்னொரு லாபம், எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை உங்கள் தினசரி வழியிலேயே இருக்கிறது. எங்கே பிரசவம் பார்த்தாலும் சரி, குடியிருக்கும் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்குத் தரும் ஆர்சிஎச் எண்ணை வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டி வரும்.

சரி, பணத்துக்கு வருவோம். 38 லட்சம் பிளாட்டுக்கு 30 லட்சம் கடன் என்று வைத்துக்கொண்டால், 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 26,000. இரண்டு சம்பளத்தில் இது பெரிதாகத் தெரியாது. சட்டப்படி உங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதற்கு மேல் ஆறு மாதம் வீட்டில் இருக்க நினைத்தால், அல்லது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமையாமல் வேலையை விட்டால், 38,000இல் 26,000 போக மிச்சம் 12,000. அதில் பால், டயபர், கரண்ட் பில், பிளாட் பராமரிப்பு எல்லாம். அந்த மிச்சத்தில் மூன்று பேர் வாழ முடியாது.

கையில் வைக்க வேண்டிய தொகையையும் பாருங்கள். கடன் போக 8 லட்சம். புது பிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, முத்திரைத்தாள் கட்டணம் 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம், அதாவது 2.28 லட்சம். வீட்டின் மதிப்பில் எவ்வளவு கடன் தரலாம் என்று வங்கி கணக்கிடும்போது பத்திரச் செலவைச் சேர்க்காது. ஆக 10 லட்சத்துக்கு மேல் வேண்டும், உங்களிடம் 6 இருக்கிறது. மீதிக்கு நகையை வைப்பீர்கள், பிரசவத்துக்கு என்று எடுத்துவைத்த பணமும் இதில் கரைந்துவிடும்.

நான் சொல்வது இது: இப்போது வாங்காதீர்கள், ஆவடியில் வாடகைக்குப் போங்கள். குறைந்தது ஒரு ஐப்பசி, கார்த்திகை அங்கே இருந்து பாருங்கள். வெயில் காலத்தில் போய் வீடு பார்த்தால் ஒன்றும் தெரியாது, மே மாதத்தில் எல்லா மனையும் மேடுதான். 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரை தண்ணீர் வந்து படகு விட்டார்கள். அங்கே வீடு வாங்கியவர்கள் எல்லாரும் வெயிலில் பார்த்து வாங்கியவர்கள்தான். நீங்கள் பார்த்த கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி நிரம்பினால் சில நகர்களுக்குள் தண்ணீர் புகும், திருநின்றவூரிலும் ஏரியை ஒட்டிய நகர்களுக்கு அதே கதை. ஊர் முழுக்க அப்படி இல்லை, தெருவுக்குத் தெரு மாறும். அதை புரோக்கர் சொல்ல மாட்டார். அந்தத் தெரு மளிகைக்கடைக்காரர் சொல்வார், சுவரில் தண்ணீர் ஏறிய கறையும் காட்டிக்கொடுக்கும். சாக்கடை இணைப்பு உண்டா, கழிவுநீர் லாரிதானா, சித்திரையில் போர்வெல் வற்றுமா என்பதையெல்லாம் வாடகைக்கு இருந்தால்தான் காசு கொடுக்காமல் தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டு வருடம் கழித்து வாங்கும்போது ஒரு கணக்கு. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0 நடப்பில் இருந்தால், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், இந்தியாவில் எங்கும் சொந்த வீடு இல்லை என்றால் வட்டி மானியம் 1.80 லட்சம் வரை ஐந்து தவணைகளாகக் கிடைக்கும். கைக்கு வரும் கணக்கில் உங்கள் வருமானம் வருடத்துக்கு 8.16 லட்சம், அந்த வரம்புக்குள்தான். நீங்கள் பார்த்த பிளாட்டுக்கு இல்லை, 3 லட்சத்தில் தவறுகிறது. ஒரே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு தவணை என்று பார்த்தால் 15 லட்சம் கடன்தான் உங்களுக்குத் தாங்கும், மீதியைச் சேமித்துக் கொண்டுவர வேண்டும். கஷ்டம்தான், தெரிந்தே சொல்கிறேன்.

திருநின்றவூர்க்காரரான பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தவர். நீங்களும் இரண்டு வருடம் அப்படிக் கட்டிக்கொண்டிருங்கள், மனசில் கட்டுகிற வீட்டுக்கு வட்டி கிடையாது.

கேள்வி: ‘தாம்பரத்துக்கு மிக அருகில்’ என்று விளம்பரம் பார்த்து மனை பார்க்கப் போனோம். 600 சதுர அடி. பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?
(குரோம்பேட்டை வாசகர்)

பதில்: வேன், மதியச் சாப்பாடு, அன்றே அட்வான்ஸ் போட்டால் தங்கக் காசு, எல்லாம் இருந்ததா? 2009இல் நானும் அந்த வேனில் போனவன். படப்பையைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருந்தது, ‘பக்கத்தில்தான் சார்’ என்றார்கள், சாப்பிட்ட கூச்சத்தில் ஐயாயிரம் கட்டிவிட்டு வந்தேன். அந்த ஐயாயிரம் திரும்பவில்லை, மனை வாங்காததால் மற்றது தப்பித்தது.

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகு, அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்து விற்ற மனைப்பிரிவுகளுக்குத்தான். உங்களுக்குக் காட்டிய இடம் அந்தத் தேதிக்கு முன்னால் பிரித்ததா, வரன்முறை ஆணை எண் என்ன என்று கேளுங்கள், எழுத்தில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தந்தாலும் நிற்காதீர்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே 30 வருடத்துக்கு எடுங்கள், விற்பவர் கொடுக்கும் நகலை நம்ப வேண்டாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், புல வரைபடத்தில் வாய்க்காலோ நீர்வழியோ குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். தாய்ப்பத்திரத்தோடு எல்லாவற்றையும் நீங்கள் கூட்டிப்போகும் வக்கீலிடம் காட்டுங்கள். அவர்கள் ‘ஏற்பாடு செய்து தரும்’ வக்கீல் அவர்களுடைய வக்கீல்.

கேள்வி: ஊரப்பாக்கத்தில் கட்டத் தொடங்கியிருக்கும் அடுக்குமாடியில், ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே விலையில் 20 சதவீதம் கட்டச் சொல்கிறார்கள். வழக்கம்தானா?
(ஊரப்பாக்கம், வாடகை வீட்டுக்காரர்)

பதில்: வழக்கம்தான், சட்டம் வேறு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தக் கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். எட்டு வீடுகளுக்கு மேல் அல்லது 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் என்று போனால் பதிவு எண் வேண்டும், ஆணைய இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்குள் ஆறு வீடு மட்டும் கட்டும் சின்ன பில்டர்கள் இதற்குள் வர மாட்டார்கள், அங்கே உங்கள் பாதுகாப்பு கட்டட அனுமதி வரைபடமும் பத்திரத்தில் எழுதப்படும் நிலப் பங்கும்தான். விலையை ‘சூப்பர் பில்டப்’பில், அதாவது படிக்கட்டு, நடைபாதை போன்ற பொது இடங்களையும் சேர்த்த பரப்பில் சொன்னால், வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் கார்ப்பெட் பரப்பு எவ்வளவு என்று கேட்டு அதால் வகுத்துப் பாருங்கள், மலிவு என்று நினைத்தது அங்கே காணாமல் போகும்.

கேள்வி: மெட்ரோ கிளாம்பாக்கம் வரை வரப்போகிறது, பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறது, இப்போது விட்டால் பிடிக்க முடியாது என்கிறார் புரோக்கர்.
(காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: பரந்தூரை 2022இல் அறிவித்தார்கள், அன்றைக்கே மனை விலை விமானம் ஏறிவிட்டது. இன்று ஓடுகிற வண்டிக்கு மட்டும் விலை கொடுங்கள். வருகிறபோது வரட்டும்.

கேள்வி: ஆவணியில்தான் வீடு மாற்ற வேண்டும் என்கிறார் அம்மா. ஆடியிலேயே போனால் என்ன?
(அம்பத்தூர் வாசகி)

பதில்: அம்மா சொல்வதிலும் லாபம் இருக்கிறது. ஆடியில் யாரும் குடி வர மாட்டார்கள், ‘டு லெட்’ பலகை தொங்கிக்கொண்டே இருக்கும், வீட்டுக்காரர் இறங்கிப் பேசுவார். அந்த மாதத்தில் வீடு பாருங்கள், வாடகையையும் அட்வான்சையும் அடித்துப் பேசுங்கள், சாவியை மட்டும் ஆவணி முதல் வாரம் வாங்கிக்கொண்டு பால் காய்ச்சுங்கள். இரண்டே மாதத்தில் மழை வந்துவிடும், தெருவும் தன் குணத்தைக் காட்டிவிடும்.