ஹெட்ஃபோனுக்குள் ஓர் அலறல்

கேள்வி: எடிட்டிங் நிறுவனம் ஒன்றில் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பு. அதில் இளையவனுக்கு வயது 24. நல்ல கை. சாலை விபத்துகள் பற்றிய ஆவணப்படத்தை மூன்று மாதமாக அவன்தான் வெட்டுகிறான். இப்போதெல்லாம் எங்களோடு சாப்பிட வருவதில்லை. சின்னத் திருத்தம் சொன்னாலும் கண் கலங்குகிறது. கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, தூக்கம் பத்தல" என்கிறான். நிர்வாகம் வாரம் ஒரு யோகா வகுப்பு வைத்தது, அதற்கும் வரவில்லை. இந்தத் துறைக்கு வந்துவிட்டு மனசு இவ்வளவு மென்மையாக இருந்தால் எப்படி? முதலாளியிடம் சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

அந்த மென்மையான மனசை நம்பித்தானே இந்தப் படத்தையே அவரிடம் கொடுத்தீர்கள்? எந்த இடத்தில் வெட்டினால் பார்ப்பவருக்கு நெஞ்சு அடைக்கும் என்று அறிந்த கை அது. அது வேண்டும், ஆனால் அது வலிக்கக் கூடாது என்றால் நியாயமில்லை.

அவர் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். படம் பார்ப்பவர் ஒரு தாயின் அலறலை ஒரே முறை, நாலு நொடி கேட்பார். எடிட்டருக்கு அப்படியில்லை. எந்த ஃபிரேமில் மூச்சை இழுக்கிறாள், எங்கே குரல் உடைகிறது என்று தேடி, அதே நாலு நொடியை இருட்டறையில், ஹெட்ஃபோனில், நாற்பது தடவை ஓட்டுவார். இயக்குநரிடமிருந்து "இன்னும் கொஞ்சம் அழுத்தமா இருக்கலாமே" என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து. தூக்கம் பத்தல என்கிறாரே, கண்ணை மூடினால் காதில் எது ஓடும் என்று நினைக்கிறீர்கள்?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, திரையில் கொடூரம் பார்ப்பதைப் பொதுவாக மன அதிர்ச்சி நோய்க்குக் காரணமாக ஏற்பதில்லை. ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது: வேலைக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்ந்தால் அது கணக்கில் வரும். உங்கள் தம்பிக்கு அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்தே நோய் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

யோகா நல்லதுதான். ஆனால் காலில் முள் தைத்தவனுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்து என்ன பயன்? உலக சுகாதார நிறுவனம்கூட, வேலையால் ஆள் சோர்ந்து கருகிப்போகும் 'பர்ன் அவுட்' நிலையை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் 2019இல் சொன்னது. ஆகவே முதலில் வேலையைத் திருத்துங்கள்.

காட்சி தேர்ந்தெடுக்கும்போது ஒலி எதற்கு? அணைத்துவிடட்டும். ப்ரிவியூ சாளரத்தைச் சிறிதாக்கி, நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் வைத்தாலே பாதி பாரம் இறங்கும். ஃபுட்டேஜ் வந்தவுடனே கடுமையான கிளிப்புகளுக்குத் தனி நிற லேபிள் போட்டு ஒதுக்கிவிடுங்கள். எதிர்பாராமல் கண்ணில் விழுவதுதான் ஆளை அதிகம் உலுக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் கடைசி வேலையாக அது வேண்டாம். இன்னொருவரும் மாறி மாறிப் பார்க்கட்டும்.

அடுத்தது திருத்தம். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் 'ஃபைனல்' என்ற பெயரில் பதினொரு ஃபைல்கள் கிடந்ததைப் பார்த்தவன் நான். நாலு பேர் நாலு விதமாக நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எவருக்கும் கண் கலங்கும். எல்லாம் உங்களிடம் வரட்டும். முரண்களை நீங்கள் தீர்த்து, பகலில், ஒரே தொகுப்பாக அவரிடம் கொடுங்கள். "பஞ்ச் இல்லை" என்று சொல்லாதீர்கள். எந்த ஷாட், எத்தனை நொடி என்று சொல்லுங்கள்.

பேசும்போது, "உனக்கு என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்தால் "ஒண்ணுமில்லக்கா"தான் பதிலாக வரும். "ரெண்டு வாரமா சாப்பிட வரல, அந்தக் கிளிப்புகளைப் பார்த்தா எனக்கே கஷ்டமா இருக்கு" என்று கண்டதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். இவ்வளவும் செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான நேரத்தை அவருடைய விடுப்புக் கணக்கில் கழிக்காதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் பேச்சு வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. அன்று அவரைத் தனியே விடாமல் உடனே உதவிக்கு அழைத்துப் போங்கள்.

முதலாளியிடம்? கால அட்டவணையைப் பற்றிப் பேசுங்கள், இன்னொரு கை கேளுங்கள். தம்பியின் மனநிலை அவருடைய சொந்த விஷயம். அவரிடம் கேட்காமல் ஒரு வார்த்தையும் வேண்டாம். இந்தத் துறையில் "அவனால தாங்க முடியாது" என்ற பெயர் ஒருமுறை வந்தால், அடுத்த படத்துக்கு அழைப்பு வராது. அவர் வாயைத் திறக்காததற்கு அந்தப் பயமும் காரணமாக இருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். அவர் வெட்டியதையெல்லாம் ஒப்புதலுக்காக நீங்களும் மூன்று மாதமாகப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. எழுதுங்கள்.