வண்ணத்தாள் ஒட்டு அட்டை: கேட்டதும் சொன்னதும்

அக்கா, பொங்கலுக்கு இருபது வாழ்த்து அட்டை செய்யணும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பின்னணி வரையணுமா?

வேண்டவே வேண்டாம். அட்டையை மறந்துவிட்டு ஒரு மதியம் முழுக்கத் தாளுக்கு வண்ணம் மட்டும் பூசுங்கள். ஏ4 தாள் பத்து போதும். தூரிகைதான் வேண்டும் என்றில்லை. பழைய சீப்பு, சுருட்டிய பாலித்தீன் பை, வெண்டைக்காய்க் காம்பு எல்லாம் வேலை செய்யும். காய்ந்த பிறகு, ஒரு கெட்டி அட்டையில் தீப்பெட்டி அளவு ஜன்னல் வெட்டி, அதைத் தாள்மேல் நகர்த்திப் பாருங்கள். முழுத்தாளாகப் பார்த்தால் கிறுக்கலாகத் தெரிவது, அந்த ஜன்னலுக்குள் வயலாகவோ மழையாகவோ தெரியும். அந்த இடத்தை வெட்டி எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், 1941இல் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, உதவியாளர்கள் வண்ணம் பூசி வைத்த தாள்களைக் கத்தரித்துத்தான் படம் செய்தார். பூசுகிற வேளை வேறு, வெட்டுகிற வேளை வேறு.

எல்லா நிறமும் கலந்து சேறு மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு தாளுக்கு இரண்டு நிறமும் வெள்ளையும், அவ்வளவுதான். சிவப்பும் பச்சையும் ஒரே தாளில் வேண்டுமென்றால் முதலாவது நன்றாகக் காயட்டும். பொறுமை இல்லாதவர்கள் மஞ்சளும் ஆரஞ்சும் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பே நடக்காது.

ஃபெவிக்கால் போட்டு ஒட்டினேன் மேடம். காலையில் பார்த்தால் அட்டை அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது.

அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். தாள் ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கமாக அட்டையை இழுத்துவிடும். முதலில் தாளின் நார் ஓடும் திசையைக் கண்டுபிடியுங்கள். லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அங்கே மடிப்பு விழக்கூடிய கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. அட்டையின் நாரும் ஒட்டும் தாளின் நாரும் ஒரே திசையில் இருக்கட்டும். மடிப்பும் அதே திசையில் விழுந்தால் வெடிக்காது.

அடுத்தது கனம். அடி அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும், மேல் தாள் 80 முதல் 100 போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பசையை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிசாக இழுங்கள். ஒட்டியதும் மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். ஃபேனுக்கு அடியில் காய வைத்தால் மறுபடி அப்பளம்தான். சின்னத் துண்டுகளுக்கு குச்சிப் பசையே (குளூ ஸ்டிக்) நல்லது, ஈரம் குறைவு.

போஸ்டர் கலரா, அக்ரிலிக்கா?

போஸ்டர் கலர் மலிவு, நிறமும் அழகு. ஆனால் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும், பசை பட்ட விரலோடு வரும். அக்ரிலிக் கரையாது. அதற்கு வேறு குணம்: அடுக்கி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் பன்னிரண்டு அட்டையை அப்படியே அடுக்கி வைத்து, பிரிக்கும்போது ஆறைக் கிழித்தேன். இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள்.

வண்ணமே வாங்காமல் செய்ய முடியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு.

கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும், ஆனால் மைதாவால் அதைப் பெருக்கலாம். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் போஸ்டர் கலர் கலந்து தாளில் தடவி, சீப்பால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் புத்தகம் கட்டுகிறவர்கள் அட்டைக்கு இப்படித்தான் தாள் செய்தார்கள். பூச்சி வராமலிருக்க சிலர் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். பிள்ளைகள் கையில் வேண்டாம். மீந்த பசையை அன்றே கொட்டிவிடுங்கள்.

மடிப்புக் கோடு நேராக வரவில்லை.

மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டு மடியுங்கள்.

உறை எங்கே கிடைக்கும்?

உறையை முதலில் வாங்குங்கள், அட்டையை அதற்கு வெட்டுங்கள். ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர். 114க்கு 162 உறைக்குள் சரியாகப் போகும். ஓரத்தில் பட்டனும் மணியும் ஒட்டினால் தபாலில் நசுங்கும். கையில் கொடுக்கிற அட்டைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே எழுதினால் பேனா வழுக்குகிறது அக்கா.

அக்ரிலிக் மேல் எழுதாதீர்கள். வெள்ளைத் தாள் ஒன்றை மடித்து, மடிப்போரத்தில் மட்டும் பசை தொட்டு உள்ளே ஒட்டுங்கள். எழுத்தில் பிழை வந்தாலும் அந்தத் தாளை மட்டும் மாற்றலாம்.