ஒரே பேட்டரியில் இரண்டு மெஷின்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: கோவையில் மாடுலர் கிச்சன், அலமாரி வேலைகள் செய்யும் தச்சன் நான். உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் செய்கிறேன். இதுவரை வயர் உள்ள டிரில்லிங் மெஷினையே பயன்படுத்தி வந்தேன். இப்போது பேட்டரி டிரில்லும், ஸ்குரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவரும் வாங்க எண்ணியிருக்கிறேன். ஒரு கடையில் ‘48 வோல்ட்’ என்று அச்சிட்ட செட்டைக் குறைந்த விலைக்குக் காட்டுகிறார்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் 18 வோல்ட் செட் ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. வோல்ட் கூடினால் பலமும் கூடும் அல்லவா? இம்பாக்ட் டிரைவர் ஒன்றே போதும், டிரில் தனியாகத் தேவையில்லை என்றும் கடைக்காரர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வோல்ட் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். இந்த மெஷின்களின் பேட்டரிக்குள் இருப்பவை லித்தியம் அயான் செல்கள். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட் கிடைக்கும். சார்ஜ் முழுவதும் ஏறிய நிலையில் ஒவ்வொரு செல்லும் 4 வோல்ட்டைச் சற்றுத் தாண்டி நிற்பதால், அதே ஐந்து செல்கள் அப்போது 20 அல்லது 21 வோல்ட் காட்டும். ஆகவே ஒரு நிறுவனம் 18 என்று அச்சிடுவதும் மற்றொன்று ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று அச்சிடுவதும் ஒரே வகைப் பேட்டரியைத்தான். உண்மையிலேயே 48 வோல்ட் வேண்டுமானால் பதின்மூன்று செல்களாவது வரிசையில் இருக்க வேண்டும். கடையில் காட்டிய செட்டின் சார்ஜரைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். வெளியீடு 21 வோல்ட் என்றிருந்தால், 48 என்பது அந்த மெஷினுக்கு வைத்த பெயரே தவிர அதன் அளவு அன்று.

வோல்ட்டை, பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கிடைக்கும் வாட்-மணிதான் பேட்டரியில் உள்ள சரக்கு. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் 36 வாட்-மணியும், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 72 வாட்-மணியும் இருக்கும். இந்த எண்ணிலும் கதை விட இடமுண்டு. பரவலாகப் பயன்படும் 18650 வகைச் செல் ஒன்றில் அடங்குவது, நல்ல தயாரிப்பாக இருந்தாலும், ஏறத்தாழ 3.5 ஆம்பியர்-மணிதான். அத்தகைய ஐந்து செல்களை மட்டும் கொண்ட பேட்டரியின் மேல் ‘6 ஆம்பியர்-மணி’ என்று எழுதியிருந்தால் அது நடக்காத காரியம். கொள்ளளவு கூடிய பேட்டரிகளில் பத்துச் செல்களோ, சற்றுப் பருத்த 21700 வகைச் செல்களோ இருக்கும். அதனால் கனமும் கூடும். தேங்காய் வாங்குகிறவர் காதருகே ஆட்டிப் பார்ப்பதுபோல, பேட்டரி வாங்குகிறவர் கையில் தூக்கிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைக்காரர் சொன்ன இரண்டாவது செய்தி பாதி உண்மை. இம்பாக்ட் டிரைவருக்குள், மோட்டாருக்கும் அதன் முனையில் மாட்டும் பிட்டுக்கும் இடையே ஸ்பிரிங்கோடு சேர்ந்த சுத்தியல் ஒன்று சுழல்கிறது. ஸ்குரூ இறுகி எதிர்ப்பு கூடியதும் அந்தச் சுத்தியல் பின்வாங்கி, சுழலும் திசையிலேயே மீண்டும் மீண்டும் அடிக்கிறது. நிமிடத்துக்கு மூவாயிரம் அடிகளுக்கு மேல் விழுவது வழக்கம். முறுக்கு அடி அடியாகப் பிரிந்து போவதால் உங்கள் மணிக்கட்டு திருகிக்கொள்வதில்லை. ஸ்டார் பிட் ஸ்குரூவின் தலையிலிருந்து வழுக்கி வெளியேறுவதும் குறைகிறது. 75 மி.மீ. ஸ்குரூக்களை நாள் முழுவதும் தேக்கிலோ கடினமான சட்டத்திலோ இறக்குகிறவருக்கு இது பெரிய வரம். டிரில்லில் அதே வேலையைச் செய்தால் முறுக்கு முழுவதையும் கைதான் தாங்க வேண்டும்.

ஆனால் இம்பாக்ட் டிரைவருக்கு நிறுத்தத் தெரியாது. டிரில்லின் கழுத்தில் எண்கள் பொறித்த வளையம் ஒன்று இருக்கிறதே, அதுதான் கிளட்ச். குறித்த இறுக்கம் வந்தவுடன் ‘கடகட’வென்று வழுக்கி அது விட்டுவிடும். பார்ட்டிகிள் போர்டில் ஆட்டோ ஹிஞ்ச் (கிண்ணம் உள்ள அலமாரிக் கதவுக் கீல்) பொருத்தும்போது தேவைப்படுவது இந்த அடக்கம்தான். அங்கே இம்பாக்ட் டிரைவரை ஒரு கணம் கூடுதலாக அழுத்தினாலும் ஸ்குரூ துளைக்குள் வெறுமனே சுற்றத் தொடங்கிவிடும். என் வீட்டு அலமாரி ஒன்றில் அவசரப்பட்டு அப்படிச் செய்துவிட்டு, தீக்குச்சியையும் பசையையும் வைத்துத் துளையை அடைத்த அனுபவம் எனக்கு உண்டு; அந்தக் கதவு இன்றும் சற்றுச் சாய்ந்தே நிற்கிறது. புதிய டிரைவர்கள் சிலவற்றில் வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் வசதி வந்திருக்கிறது. அது உதவும் என்றாலும் கிளட்சுக்கு ஈடாகாது.

ஹிஞ்ச்சின் கிண்ணத்துக்காக 35 மி.மீ. துளை போடுவதும் டிரில்லின் வேலையே. அதற்கு அடியற்ற, சீரான சுழற்சி வேண்டும். மேலும், இம்பாக்ட் டிரைவரின் வாய் 6.35 மி.மீ. அறுகோணத் தண்டுள்ள பிட்டை மட்டுமே பிடிக்கும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் உருண்டைத் தண்டு பிட்டுகள் அதில் நிற்கமாட்டா. உங்கள் தொழிலுக்கு இரண்டு மெஷின்களும் வேண்டும் என்பதே என் முடிவு. டிரில்லில் துளை பிட்டும் டிரைவரில் ஸ்டார் பிட்டும் நிலையாக மாட்டியிருந்தால் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் பிட் மாற்றும் நேரம் மிச்சமாவது இதன் கூடுதல் பலன். டிரைவரில் மாட்டும் பிட் இம்பாக்டுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். சாதாரண பிட் விரைவில் முறிந்துபோகும். மூடிய அறையில் டிரைவரின் சத்தம் காதைத் துளைக்கும் என்பதால் காதடைப்பான் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பெயரில் ஓர் எச்சரிக்கை. ‘இம்பாக்ட் டிரில்’ வேறு, ‘இம்பாக்ட் டிரைவர்’ வேறு. கடைகளில் இரண்டையும் ‘இம்பாக்ட்’ என்றே சுருக்கிச் சொல்கிறார்கள். இம்பாக்ட் டிரில், அல்லது ஹேமர் டிரில், பிட்டை முன்னும் பின்னுமாக அதிரவைத்துச் சுவரில் துளையிடுவது. இம்பாக்ட் டிரைவரின் அடி சுழலும் திசையில் மட்டுமே விழும். சுவருக்கு அது பயன்படாது. பாஷ் நிறுவனத்தின் நீலநிற வரிசையில் ஜி.எஸ்.ஆர். என்று தொடங்குவது சாதாரண டிரில், ஜி.எஸ்.பி. ஹேமர் வசதியுள்ள டிரில், ஜி.டி.ஆர். இம்பாக்ட் டிரைவர். மேல் அலமாரிகளைச் செங்கல் சுவரில் மாட்டுவதற்கு ஹேமர் வசதியுள்ள டிரில் போதும். பீமிலோ கான்கிரீட் தூணிலோ துளை வேண்டுமென்றால் எஸ்.டி.எஸ். பிட் மாட்டும் ரோட்டரி ஹேமர்தான் சரி; அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இனி அளவுகள். 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) உள்ள, 50 முதல் 60 நியூட்டன் மீட்டர் முறுக்குத் தரும் 18 வோல்ட் டிரில்லும், 150 முதல் 180 நியூட்டன் மீட்டர் தரும் டிரைவரும் உங்கள் வேலைக்குத் தாராளம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் கடினமான பிணைப்பில் ஒரு கணம் எட்டும் உச்ச முறுக்கு. மரத்தில் கிடைப்பது அதைவிடக் குறைவு. பிரஷ்லெஸ் மோட்டாரில் தேயும் கார்பன் இல்லை, சூடு குறைவு, ஒரே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். நாள்தோறும் வேலை செய்பவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும். அதன் மின்னணுப் பலகை பழுதானால் தெருமுனை மெக்கானிக்கால் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது மெஷினை அன்று, பேட்டரிக் குடும்பத்தை, அதாவது ஒரே பேட்டரி பொருந்தும் மெஷின்களின் வரிசையை. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் மெஷினில் பெரும்பாலும் பொருந்தாது. பாஷ் போன்ற ஒரே நிறுவனத்திலும் தொழிலுக்கான நீல வரிசையின் 18 வோல்ட் பேட்டரி, வீட்டு உபயோகப் பச்சை வரிசையில் ஏறாது. இன்று டிரில் வாங்கும் நீங்கள் நாளை ஜிக்சா, டிரிம்மர், பிளேனர் என்று போவீர்கள். அப்போது பேட்டரி இல்லாத வெறும் மெஷினாக வாங்கினால் செலவு பெரிதும் குறையும். ஆகவே கோவையிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள குடும்பமாகப் பார்த்து, டிரைவருக்கு இலேசான 2 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும், டிரில்லுக்கு 4 அல்லது 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுமாக எடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பேட்டரியை விட்டுவைக்கக் கூடாது. வேலை முடிந்த சூட்டோடு சார்ஜில் போடவும் கூடாது. வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும்.

கேள்வி: என் தம்பி துபாயில் இருக்கிறான். அங்கிருந்து இந்த செட்டை வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: துபாயின் மின்சாரமும் நம்முடையதைப் போலவே 230 வோல்ட் அளவிலானது, சார்ஜரின் மூன்று தட்டை முள் பிளக்குக்கு ஓர் அடாப்டர் இருந்தால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தால்தான் சிக்கல்: 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சார்ஜர் நம் வீட்டு இணைப்பில் புகைந்துவிடும். விமானத்தில் மெஷினைச் செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டும். தனிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான், முனைகளை மூடி, எடுத்துவர வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90தான். 6 ஆம்பியர்-மணி 108 ஆகிவிடும் என்பதால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை வாங்குமுன் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். பல நிறுவனங்கள் அதை வாங்கிய நாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன.

கேள்வி: மதுரையில் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிறேன். நான் வாங்கிய டிரில்லின் பேட்டரி ஐந்தே மாதத்தில் சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. வாரண்டி ஓராண்டு. ஆனால், “நீங்கள் தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், நீங்கள் நுகர்வோரே அல்ல” என்கிறார் கடைக்காரர். கையில் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட சீட்டு மட்டுமே.

பதில்: கடைக்காரர் இரண்டு விஷயங்களைக் கலக்கிவிட்டார். முதலாவது வாரண்டி அட்டை. வீட்டு உபயோகத்துக்கென விற்கும் சில மெஷின்களின் அட்டையில், தொழிலில் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனை இருக்கும். பேட்டரிக்கு மெஷினைவிடக் குறைந்த காலமே தருவதும் உண்டு. இவ்விரண்டையும் உங்கள் அட்டையில் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது சட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அதே பிரிவின் விளக்கமோ, சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்கிறது. பழைய சட்டத்திலும் இத்தகைய விளக்கம் இருந்தது. லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ், பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் ஆகியோருக்கிடையிலான வழக்கில் 1995இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காக லேத் மெஷின் வாங்கித் தாமே ஓட்டுகிறவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதாலேயே அவர் அந்த நிலையை இழப்பதில்லை என்றும் எடுத்துக்காட்டோடு விளக்கியது. அந்த வழக்கில் மெஷின் வாங்கியவரின் நிலை வேறாக இருந்ததால் அவர் தோற்றார் என்பது தனிச் செய்தி. நீங்களே டிரில்லைப் பிடித்து வேலை செய்கிறவர் என்றால் அந்த விளக்கம் உங்களுக்குப் பொருந்தும்.

கடைக்கும் நிறுவனத்துக்கும் முதலில் எழுத்துமூலம் முறையிடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.

‘எஸ்டிமேட்’ சீட்டு பலவீனமான சான்று. அதற்காக வழி அடைந்துவிடவில்லை. யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்திய பதிவு, கடைக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், மெஷினிலும் பேட்டரியிலும் உள்ள வரிசை எண்களின் படம் ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து வையுங்கள். பெட்டியை இன்னும் எறியவில்லையென்றால், இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதம், அதிகபட்ச விலை ஆகியவை அச்சிட்ட பக்கத்தையும் படமெடுங்கள். முறையீட்டை யாருக்கு அனுப்புவது என்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.