வேர்க்கடலையை எந்தக் கிண்ணத்தில் போடுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். தானியம், பயறு, எண்ணெய் வித்து, நார்ப்பயிர், பணப்பயிர் என்று பிள்ளைகள் மளமளவென ஒப்பிக்கிறார்கள். கையில் ஒரு விதையைக் கொடுத்தால் முழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு விதைகளிலிருந்து தொடங்குங்கள். நெல், கேழ்வரகு, மக்காச்சோளம், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, எள், ஓட்டோடு வேர்க்கடலை, பஞ்சு பிரிக்காத பருத்திக்கொட்டை ஆகியவற்றில் ஒரு கைப்பிடி போதும். எது எதோடு சேரும் என்று மட்டும் கேட்டு, கிண்ணங்களில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். நிறம் பார்த்தும் அளவு பார்த்தும் பிரிப்பார்கள். பிரிக்கட்டும், திருத்தாதீர்கள்.

மறுநாள், இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கொடுங்கள். தோலை உரித்ததும் கடலை இரண்டு பருப்பாகப் பிரியும், நடுவில் குட்டி முளை ஒட்டிக்கொண்டிருக்கும். மக்காச்சோளம் அப்படிப் பிரியாது. பயறும் தானியமும் வேறுவேறு என்பதை அவர்கள் விரலே சொல்லிவிடும்.

பிறகு எண்ணெய்ச் சோதனை. ஊறாத எள், வேர்க்கடலை, பச்சைப்பயறு, அரிசி நான்கையும் வெள்ளைத்தாளில் தனித்தனியே நசுக்கித் தேய்க்க வேண்டும். தூளைத் தட்டிவிட்டு அரைமணி நேரம் கழித்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்தால், எள்ளும் வேர்க்கடலையும் பட்ட இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். ஈரக்கறை காய்ந்து மறையும், எண்ணெய்க்கறை நிற்கும். ஊறிய விதையைத் தேய்த்து, காயவிடாமல் உடனே தாளைத் தூக்கிப் பார்த்தால் எல்லாமே எண்ணெய் வித்து போலத் தெரியும். பெரும்பாலும் இந்தச் சோதனை கெடுவது இங்கேதான்.

இப்போது வேர்க்கடலைக்கு எந்தக் கிண்ணம்? ஊறவைத்தால் பயறு போல இரண்டாகப் பிரிகிறது, தாளில் எண்ணெய்க்கறையும் விடுகிறது. செடி பயறுக் குடும்பம், பயன் எண்ணெய் வித்து. எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கும், அறுவடைக்குப் பின் கொடியும் மாட்டுக்குத் தீவனம். பருத்தியிலும் அப்படித்தான், பஞ்சு நூலுக்குப் போனாலும் கொட்டையில் எண்ணெயும் பிண்ணாக்கும் உண்டு. ஒரு பயிர் இரண்டு கிண்ணத்தில் இருக்கலாம் என்று பிள்ளைகள் வாதாடத் தொடங்கினால் பாடம் பிடிபட்டுவிட்டது. பணப்பயிர் என்பது விற்பதற்காகப் பயிரிடுவதைக் குறிக்கும் பிரிவு. விதையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: கோப்பைகளில் விதைத்தோம். பச்சைப்பயறு முளைத்தது. அரிசி, துவரம்பருப்பு, கேழ்வரகு மூன்றும் வரவில்லை. ஏன்?

அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு முளைக்கருவும் போய்விடுகிறது. துவரையைப் பருப்பாக உடைக்கும்போது கரு சிதைகிறது. அந்தக் கோப்பைகளைக் கொட்டிவிடாமல் பக்கத்திலேயே நெல்லும் முழுத்துவரையும் விதையுங்கள், காரணம் கண்ணுக்குத் தெரியும். நெல் அவிக்காததாக இருக்க வேண்டும்.

கேழ்வரகை ஆழமாகப் புதைத்திருப்பீர்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழமே கணக்கு. கேழ்வரகுக்கு மேலே தூவி, சிட்டிகை மண் போட்டாலே போதும். கோப்பை அடியில் துளையும் அவசியம். தண்ணீர் தேங்கினால் விதைக்குக் காற்றில்லாமல் அழுகி நாற்றமெடுக்கும். நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை.

கேள்வி: உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி இரண்டும் வேர்தானா?

சர்க்கரைவள்ளி வேர். உருளை, மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் ‘கண்’ ஒவ்வொன்றும் மொட்டுகள் இருக்கும் இடம். இரண்டு கண்ணாவது உள்ள துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து நட்டால் முளைக்கும். பச்சை ஏறிய உருளையில் நச்சு இருக்கும், அதைத் தின்னக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பயறுச்செடி மண்ணுக்கு உரம் தரும் என்று சொல்லி, செடியைப் பிடுங்கிக் காட்டினேன். வேரில் முடிச்சே இல்லை!

பிடுங்கியதுதான் காரணமாக இருக்கும். முடிச்சுகள் மெல்லிய வேர்களில் ஒட்டியிருப்பதால் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முப்பது நாற்பது நாள் வயதுள்ள தட்டைப்பயறுச் செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் தோண்டி, மண்கட்டியோடு வாளித் தண்ணீரில் வையுங்கள். மண் தானே கரைந்து இறங்கும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை உள்ளிருக்கும் நுண்ணுயிர் செடிக்குப் பிடித்துத் தருகிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை. யூரியா நிறையப் போட்ட மண்ணிலும், அந்த நுண்ணுயிர் இல்லாத தொட்டி மண்ணிலும் முடிச்சு சரியாக உருவாகாது.

கேள்வி: மழலையர் வகுப்பில் விதை ஒட்டிப் படம் செய்யலாமா?

ஐந்து வயதுக்குள் சின்ன விதைகளும் கடலைகளும் வேண்டாம். வாயில் போட்டு மூச்சுக்குழாயில் சிக்கலாம், மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள். காதில் பயறு போனால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறி இன்னும் இறுகும். மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் ஆமணக்கு, குன்றிமணி இரண்டும் கூடவே கூடாது, கடும் நச்சு. விதைப்புக்கென்று சாயமேற்றி விற்கும் விதையில் மருந்து கலந்திருக்கும், அதையும் தொடவிடாதீர்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் உண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, இருந்தால் அந்தக் கிண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.